அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா? நெப்போலியனின் வயிறு சொல்லும் கதை!

வயிற்று வலின்னு டாக்டரிடம் போகிறீர்கள். எத்தனை நாளா வலி, சாப்பிட்ட பிறகு வருதா, வெறும் வயிற்றில் வருதா என்று வரிசையாகக் கேட்பார். அந்த வரிசையில் ஒரு கேள்வி மட்டும் உங்களைச் சட்டென்று நிமிர வைக்கும். குடும்பத்தில் யாருக்காவது வயிற்றில் புற்றுநோய் இருந்திருக்கிறதா?

பெரியப்பா கடைசிக் காலத்தில் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தது, பாட்டி எலும்பும் தோலுமாகிப் போனது என்று எங்கேயோ புதைந்துகிடந்த ஞாபகமெல்லாம் அந்த நிமிடத்தில் மேலே வரும். கூடவே ஒரு பயமும் வரும். அப்போ எனக்கும் வருமா?

இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. ஐரோப்பாவையே ஆட்டிப் படைத்த ஒரு மனிதர், படுக்கையில் விழுந்த கடைசி நாள்களில் இதே கேள்வியோடுதான் கிடந்தார். அவர் பெயர் நெப்போலியன் போனபார்ட். போர்க்களக் கதைகளை நிறையப் படித்திருப்பீர்கள். இன்று அவருடைய வயிற்றின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். இது அவரின் அப்பாவிடமிருந்து தொடங்குகிறது.

15 வயதில் வந்த சேதி

1769 ஆகஸ்ட் 15 அன்று, மத்திய தரைக்கடலில் இருக்கும் கோர்சிகா தீவின் அஜாக்ஸியோ ஊரில் பிறந்தார் நெப்போலியன். அப்பா கார்லோ ஒரு வக்கீல். அம்மா லெட்டீஸியா. வசதி பெரிதாக இல்லை, ஆனால் வீடு நிறையப் பிள்ளைகள். பிறந்தவர்களில் பிழைத்து வளர்ந்தவர்கள் மட்டும் எட்டுப் பேர்.

அப்பா கார்லோவுக்கு வயிற்றுக் கோளாறு ஆரம்பித்தது. வலி, வாந்தி, எடை குறைவு. நல்ல டாக்டர்களைத் தேடி தெற்கு பிரான்ஸின் மான்பெல்லியே நகரத்துக்குப் போனார். மருத்துவப் படிப்புக்கு ஐரோப்பாவிலேயே பேர்போன ஊர் அது. அங்கேயும் ஒன்றும் பலிக்கவில்லை. 1785 பிப்ரவரி 24 அன்று இறந்துபோனார். 39 வயதுகூட நிறையவில்லை.

இறந்த பிறகு உடலை அறுத்துப் பார்த்தார்கள். இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் வாசலில், பெரிய உருளைக்கிழங்கு அளவுக்கு ஒரு கட்டி. உணவு கீழே இறங்குவதற்கு வழியே இல்லை.

நெப்போலியனுக்கு அப்போது 15 வயது. பாரிஸ் ராணுவப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். அப்பாவை அடக்கம் செய்யும்போது பக்கத்தில் இல்லை. குடும்பத்தின் பாரம் தலையில் விழ, இரண்டு வருடப் படிப்பை ஒரே வருடத்தில் முடித்தார். 16 வயதில் பீரங்கிப் படையில் அதிகாரி. அதன்பிறகு அவர் நின்று திரும்பிப் பார்க்க நேரமே இருக்கவில்லை.

1793-ல் தூலோன் முற்றுகை, 1796-ல் இத்தாலிப் படையெடுப்பு, 1798-ல் எகிப்து. 1799-ல் ஆட்சியைப் பிடித்தார். 1804 டிசம்பர் 2-ம் தேதி பிரான்ஸின் பேரரசராக முடிசூட்டிக்கொண்டபோது வயது 35. அப்பா இறந்த வயதைத் தாண்ட இன்னும் நாலு வருடம் பாக்கி இருந்தது.

கோட்டுக்குள் கை ஏன்?

நெப்போலியன் என்றதும் உங்கள் மனதில் வரும் படம் எது? ஒரு கையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு நிற்கும் ஓவியம்தானே. வயிற்று வலியைத் தாங்க முடியாமல்தான் அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. கேட்கச் சுவாரஸ்யமாக இருக்கும். ஆனால், அந்தக் காலத்து ஓவியங்களில் கனவான்கள் பலரும் அப்படித்தான் நின்றார்கள். இன்று நாம் போட்டோவுக்குக் கைகட்டி நிற்கிறோமே, அது மாதிரி ஒரு போஸ். அவ்வளவுதான்.

அவருடைய சாப்பாட்டுப் பழக்கம்தான் உண்மையில் கவனிக்க வேண்டியது. சாப்பாட்டு மேசையில் சில நிமிடங்களுக்கு மேல் உட்கார மாட்டார். அவசர அவசரமாக விழுங்கிவிட்டு எழுந்துவிடுவார். படையெடுப்புகளில் வருடக்கணக்கில் ராணுவச் சாப்பாடு. ஃப்ரிட்ஜ் இல்லாத காலம். இறைச்சி என்றால் உப்பில் ஊறவைத்தது அல்லது புகை போட்டது. பச்சைக் காய்கறி, பழமெல்லாம் கிடைத்தால் உண்டு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கடல் நடுவே ஒரு சிறை

1812-ல் ரஷ்யப் படையெடுப்பு தோற்றது. 1814-ல் பதவி போனது. எல்பா தீவிலிருந்து தப்பி வந்து மறுபடி ஆட்சியைப் பிடித்தவர், 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் கடைசியாக வீழ்ந்தார். இந்த முறை பிரிட்டிஷார் ஏமாறத் தயாராக இல்லை. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 1,900 கிலோமீட்டர் தள்ளி, அட்லான்டிக் கடலின் நடுவில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

லாங்வுட் என்ற வீடு. ஈரம் ஊறிய சுவர்கள், எலித்தொல்லை, சுற்றிலும் காவல். ஆளுநர் ஹட்சன் லோவுக்கும் அவருக்கும் ஒரு நாளும் ஒத்துப்போகவில்லை.

1817 வாக்கில் உடம்பு படுத்த ஆரம்பித்தது. வலது விலாவுக்குக் கீழே வலி, கால் வீக்கம், பசியின்மை. அவரைப் பார்த்த டாக்டர் ஓ'மீரா, கல்லீரல் வீக்கம் என்றார். இந்தத் தீவின் தட்பவெப்பத்தால் கல்லீரல் கெட்டது என்றாகிவிட்டால் பழி யார் மேல்? அவரை அங்கே கொண்டுவந்து அடைத்த பிரிட்டன் மேல்தானே. ஆளுநருக்கு அது பிடிக்குமா? 1818-ல் ஓ'மீரா தீவிலிருந்து அனுப்பப்பட்டார். அடுத்து வந்து பார்த்த கடற்படை டாக்டர் ஸ்டோகோவும் கல்லீரல் நோய் என்றே எழுதினார். அவர்மேல் ராணுவ விசாரணை நடந்து, வேலையே போனது.

ஒரு நோயாளிக்கு என்ன நோய் என்பதை அரசியல் தீர்மானித்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

1819-ல் கோர்சிகாக்காரரான அந்தோமார்கி என்ற டாக்டர் வந்தார். 1820 கடைசியிலிருந்து நிலைமை வேகமாக மோசமானது. எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. மார்ச் 1821-க்குப் பிறகு பெரும்பாலும் படுக்கைதான்.

மகனுக்காக ஒரு வேண்டுகோள்

இங்கேதான் இந்தக் கதையின் முக்கியமான இடம் வருகிறது.

நெப்போலியனுக்கு அப்பாவின் சாவு மறக்கவில்லை. அதே வலி, அதே வாந்தி, அதே மெலிவு. அப்பாவுக்கு இரைப்பையின் வாசலில் இருந்த கட்டிதான் தனக்கும் வந்திருக்கிறது என்று சந்தேகப்பட்டார். தான் இறந்ததும் உடலை அறுத்துப் பார்க்க வேண்டும், அதிலும் வயிற்றை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று அந்தோமார்கியிடம் கேட்டுக்கொண்டார். காரணம், அவருடைய மகன். பரம்பரை நோயாக இருந்தால் அவனையாவது காப்பாற்ற ஒரு வழி கிடைக்கட்டும் என்பது அந்தத் தகப்பனின் எண்ணம்.

அந்த மகனை அவர் கடைசியாகப் பார்த்தது 1814 ஜனவரியில். குழந்தைக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. அதன்பிறகு வியன்னாவில் தாத்தா வீட்டில் வளர்ந்தான். அப்பாவின் கடிதம்கூடப் போகாத தூரம். மரபணு என்ற வார்த்தையே பிறக்காத காலத்தில், பார்க்கவே முடியாத மகனுக்காகத் தன் வயிற்றை ஒரு தகவலாக விட்டுப்போக நினைத்திருக்கிறார் அவர்.

அதே ஏப்ரல் மாதம் எழுதிய உயிலில், தன்னைக் கொன்றது ஆங்கிலேயர்கள்தான் என்றும் குற்றம் சாட்டினார். அரசியல்வாதி நெப்போலியன் எதிரியைக் கைகாட்டினார், தகப்பன் நெப்போலியன் தன் ரத்தத்தைச் சந்தேகித்தார். இரண்டும் ஒரே ஆள்தான்.

மே 3 அன்று அந்தோமார்கியின் எதிர்ப்பையும் மீறி, பிரிட்டிஷ் டாக்டர்கள் கேலோமெல் என்ற பாதரச மருந்தை அதிக அளவில் கொடுத்தார்கள். 1821 மே 5, மாலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்பு உயிர் பிரிந்தது. வயது 51.

பில்லியர்ட்ஸ் மேசையில்...

மறுநாள், லாங்வுட் வீட்டிலிருந்த பில்லியர்ட்ஸ் மேசையில் உடலைக் கிடத்தினார்கள். அந்தோமார்கி கத்தியைப் பிடிக்க, பிரிட்டிஷ் டாக்டர்கள் சுற்றி நின்றார்கள். இரைப்பையின் பெரும்பகுதியில் புற்று. சிறுகுடல் வாசலுக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. கல்லீரல் அதன்மேல் ஒட்டிக்கொண்டு, அடைப்பு மாதிரி மூடியிருந்தது. இரைப்பைக்குள்ளே காபித் தூள் மாதிரி கறுப்பான திரவம். உள்ளுக்குள் ரத்தம் கசிந்ததற்கான அடையாளம் அது.

கல்லீரல் பெரிதாகியிருக்கிறது என்று ஒரு பிரிட்டிஷ் டாக்டர் எழுதப்போனார். ஆளுநர் முகம் சுளித்ததும் அந்த வரி அறிக்கையிலிருந்து காணாமல் போனது. அந்தோமார்கி, பிரிட்டிஷ் அறிக்கையில் கையெழுத்துப் போடாமல் தனியாக ஒன்று எழுதினார். ஆனால் இரைப்பை நோய்தான் பிரதானம் என்பதில் பெரிய தகராறு இல்லை. பிரிட்டனுக்கு நிம்மதி. அப்பாவிடமிருந்து வந்த நோய் என்றால் யாரும் குற்றவாளி இல்லையே.

சந்தேகம் மட்டும் ஓயவில்லை. 1961-ல், நெப்போலியனின் தலைமுடியில் ஆர்சனிக் அதிகம் இருப்பதாக ஸ்வீடனைச் சேர்ந்த ஒரு பல் டாக்டரும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுதினார்கள். விஷம் வைத்துவிட்டார்கள் என்று உலகமே பேசியது. 2008-ல் இத்தாலிய விஞ்ஞானிகள், நெப்போலியனின் சிறுவயது முடி, எல்பாவில் இருந்தபோது எடுத்த முடி, இறந்த நேரத்து முடி எல்லாவற்றையும் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் ஆர்சனிக் ஏறக்குறைய ஒரே மாதிரி. மனைவி ஜோஸஃபின், மகன் ஆகியோரின் முடியிலும் அப்படியே. இன்றைய மனிதர்களைவிட சுமார் 100 மடங்கு. அந்தக் காலத்தில் எல்லோருடைய வாழ்க்கையிலும் ஆர்சனிக் கலந்திருந்தது என்பதுதான் விஷயம்.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. புற்றுநோயில் இறந்தவர் எலும்பும் தோலுமாக இருக்க வேண்டாமா? வயிற்றில் நல்ல கொழுப்பு இருந்ததாகப் பிரேதப் பரிசோதனை சொல்கிறதே? இதற்குப் பதில் கிடைத்தது அவருடைய பேன்ட்டுகளிலிருந்து. வெவ்வேறு காலத்தில் அவர் போட்ட பேன்ட்டுகளின் இடுப்பளவை எடுத்து, சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2005-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். தீவில் நன்றாக எடை கூடியவர், கடைசி வருடத்தில் மட்டும் சுமார் 10 கிலோ இளைத்திருந்தார். குண்டாக இருந்ததால் இளைத்தது கண்ணில் படவில்லை. உங்கள் வீட்டிலும் குண்டாக இருப்பவர் காரணமே இல்லாமல் இளைத்தால், நல்லதுதானே என்று விட்டுவிடாதீர்கள்.

அப்போ பரம்பரைதானா?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். நெப்போலியன் பயந்தது சரியா?

அவருடைய தங்கைகள் கரோலின், பாலின், தம்பி லூசியன் எல்லோரும் வயிற்றுப் புற்றால் இறந்தார்கள் என்று பல புத்தகங்களில் பார்க்கலாம். அறுத்துப் பார்த்து எழுதிய உறுதியான சாட்சி அப்பா கார்லோவுக்கு மட்டும்தான் இருக்கிறது. அம்மா லெட்டீஸியாவோ 80 வயதைத் தாண்டி வாழ்ந்தார். நெப்போலியனின் உடலில் புற்றுநோய் மரபணு இருந்ததாக யாரும் சோதித்து நிரூபித்ததும் இல்லை.

2007-ல் ஒரு மருத்துவக் குழு, அந்தப் பழைய பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை இன்றைய அல்சர் படங்கள் 50, இரைப்பைப் புற்றுநோய் படங்கள் 50-உடன் ஒப்பிட்டுப் பார்த்தது. கட்டி 10 சென்டிமீட்டருக்கும் பெரியது, முற்றிய புற்றுநோய், இன்றைய சிகிச்சை கிடைத்திருந்தாலும் பிழைப்பது கஷ்டம் என்றது அந்தக் குழு. அவர்கள் முக்கியமாகக் கைகாட்டியது ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியை. இரைப்பையின் அமிலத்திலேயே குடியிருக்கும் பாக்டீரியா இது. 1982-ல் ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் இதை வளர்த்துக் காட்டினார்கள். மார்ஷல் இதை அவரே குடித்துப் பார்த்தார்! 2005-ல் நோபல் பரிசும் வாங்கினார்கள். 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இதைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணி என்று பட்டியலிட்டுவிட்டது.

கிருமி பல வருடம் இரைப்பையைப் புண்ணாக்கும். அதன் மேல் உப்பும் புகையும் போட்ட சாப்பாடு. ஞாபகம் இருக்கிறதா, அந்த ராணுவச் சாப்பாடு?

ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேதான் தொற்றுகிறது. அப்பா அம்மாவிடமிருந்து நமக்கு மரபணு மட்டுமா வருகிறது? அதே அடுப்படி, அதே ஊறுகாய் ஜாடி, அதே தண்ணீர்ப் பானை, அதே கிருமி. அதனால் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வந்தால் உடனே ரத்தத்தின் மேல் பழி போட முடியாது.

இதற்கு நல்ல உதாரணம் ஜப்பானியர்கள். ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய் அதிகம். ஆனால் அங்கிருந்து ஹவாய்க்குக் குடிபோனவர்களின் பிள்ளைகளுக்கு அது குறைந்துவிட்டது. ரத்தம் அதேதான், மாறியது வாழ்க்கை.

மரபணுவின் பங்கு எவ்வளவு?

அதற்காக மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரைப்பைப் புற்றுநோய் வருபவர்களில் சுமார் 10 சதவிகிதம் பேருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்காவதும் இருக்கிறது. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாருக்காவது வந்திருந்தால், உங்களுக்கான வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. ஆனால், உண்மையிலேயே ஒரே ஒரு மரபணுப் பிழையால் பரம்பரையாக வருவது 1 முதல் 3 சதவிகிதம் மட்டுமே.

அந்தப் பிழையை முதலில் கண்டுபிடிக்கக் காரணமாக இருந்தது நியூசிலாந்தில் ஒரு மாவோரி குடும்பம். தலைமுறை தலைமுறையாக, இளவயதிலேயே வயிற்றுப் புற்றால் சாவு. குடும்பமே முன்வந்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து தேடியது. 1998-ல் பாரி கில்ஃபோர்ட் குழு விடையைச் சொன்னது. சி.டி.ஹெச்.1 என்ற மரபணுவில் பிழை. செங்கல்லுக்கு நடுவே சிமென்ட் மாதிரி, செல்லையும் செல்லையும் ஒட்டவைக்கும் புரதத்தை உருவாக்குவது இதன் வேலை. சிமென்ட் கெட்டால் செல்கள் கழன்று சுவருக்குள்ளேயே மணல் மாதிரி பரவும். கட்டியாகத் தெரியாததால் எண்டோஸ்கோப்பியிலும் ஏமாற்றிவிடும். இந்தப் பிழை இருக்கும் பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி. பெண்களுக்கு ஒரு வகை மார்பகப் புற்றுநோயும் வரலாம். அதனால்தான் சிலர் நோய் வரும் முன்பே இரைப்பையை எடுத்துவிடுகிறார்கள். இரைப்பை இல்லாமலும் வாழ முடியும், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடப் பழக வேண்டும்.

கிருமியும் மரபணுவும் கைகோக்கும் இடமும் உண்டு. சிலருடைய மரபணு, கிருமி வந்ததும் உடம்பை அளவுக்கு மீறி எதிர்ப்பு காட்ட வைக்கிறது. அதனால் புண் அதிகமாகி ஆபத்தும் கூடுகிறது. 2000-ம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு இதைக் காட்டியது. போனபார்ட் குடும்பத்தில் நடந்தது இப்படி ஏதாவதாக இருக்க நியாயம் உண்டு. ஒரே வீட்டுக் கிருமி, ஒரே மாதிரி உடம்பு.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

கிருமியை டெஸ்ட் எடுத்துக் கண்டுபிடிக்கலாம், மாத்திரையால் ஒழிக்கலாம். குடும்பத்தில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால், இந்த டெஸ்ட் பற்றி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தாலோ, யாருக்காவது 50 வயதுக்குள் வந்திருந்தாலோ மரபணு ஆலோசனையும் கேட்கலாம்.

புகையிலை வேண்டாம். உப்புக் கண்டம், கருவாடு, ஊறுகாயெல்லாம் அளவோடு இருக்கட்டும். பழம், காய்கறி கூடட்டும். சாப்பிட்டதும் வயிறு நிறைந்துபோவது, காரணமில்லாமல் இளைப்பது, கறுப்பாக மலம் போவது, விழுங்கச் சிரமம், ஓயாத வாந்தி... இதில் ஏதாவது இருந்தால், கேஸ் ட்ரபிள்னு மெடிக்கல் ஷாப் மாத்திரையில் மாதங்களைக் கடத்தாதீர்கள். ஒரு எண்டோஸ்கோப்பி சில நிமிட வேலைதான்.

நெப்போலியனின் மகன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? 1832 ஜூலை 22 அன்று, 21 வயதில், காசநோயால் வியன்னாவில் இறந்துபோனான். அப்பா பயந்த நோய் அவனைத் தொடவே இல்லை. நமக்கு ரத்தத்தில் என்ன வருகிறது என்பதை முன்கூட்டியே முழுசாகத் தெரிந்துகொள்ள யாராலும் முடிவதில்லை.

ஆனாலும் அந்தத் தகப்பன் செய்தது சரியான காரியம். தனக்கு வந்த நோய் என்ன என்பதைப் பிள்ளைக்குத் தெரியாமல் மறைக்கவில்லை. நம் வீடுகளில் புற்றுநோய் என்றால் பேர்கூடச் சொல்லாமல் அந்த நோய் என்று முணுமுணுத்துவிட்டு, இறந்தவரோடு சேர்த்துப் புதைத்துவிடுகிறோம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அத்தையிடமோ சித்தப்பாவிடமோ உட்கார்ந்து கேளுங்கள். தாத்தாவுக்கு என்ன வந்தது, எந்த வயதில் வந்தது? ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, உங்கள் கையில் பயத்துக்குப் பதிலாக ஒரு பதில் இருக்கும்.